பூலாவ் தீக்குஸில் லத்தீன் படித்தவர்கள்

பினாங்கில் வளர்ந்துவிட்டு கர்னி பிளாசாவுக்குப் போகாதவர் அதிகம் இருக்க மாட்டார்கள். கார் நிறுத்த இடம் கிடைக்காமல் மாடி மாடியாகச் சுற்றியிருப்போம். படம் முடிந்ததும் கடற்கரைப் பக்கம் இறங்கிப் போய் பசெம்பூர் சாப்பிட்டிருப்போம். நானும் அப்படித்தான், பல வருஷம். அந்த வளாகத்தில் 1984 வரைக்கும் ஒரு குருமடம் இருந்தது என்பது எனக்கு ரொம்பத் தாமதமாகத்தான் தெரியவந்தது. அதுவும் ஒரு வியட்நாமிய எழுத்தாளரைப் பற்றித் தேடிக்கொண்டிருந்தபோது. அவரிடம் கடைசியில் வருகிறேன்.

குருமடம் என்றால் கத்தோலிக்கக் குருக்களாக விரும்பும் இளைஞர்கள் தங்கிப் படிக்கும் இடம். செமினரி என்றும் சொல்வார்கள். பூலாவ் தீக்குஸில் இருந்த இந்தக் குருமடத்தின் பெயர் காலேஜ் ஜெனரல். பெயரைக் கேட்டுவிட்டு ஏதோ ராணுவக் கல்லூரி என்றுதான் முதலில் நினைத்தேன். இங்கே 'ஜெனரல்' என்றால் பொது. சீனா, வியட்நாம், சியாம், பர்மா என்று கிழக்கே இருக்கும் எல்லா மறைப்பணித் தளங்களுக்கும் பொதுவான ஒரே கல்லூரி. கட்டடம் போய்விட்டது. அக்கம்பக்கத் தெருப்பெயர்களில் மட்டும் 'காலேஜ்' என்ற சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நம்மில் பலரும் அதை ஏதாவது பழைய பள்ளிக்கூடமாக இருக்கும் என்று நினைத்துக் கடந்துபோகிறோம்.

இது பினாங்கில் தொடங்கிய கல்லூரி இல்லை. ஓடி ஓடி, கடைசியில் பினாங்கில் வந்து மூச்சு வாங்கிய கல்லூரி.

1658இல் பாரிஸ் அந்நிய மறைப்பணிச் சபையின் முதல் ஆயர்களாக பலூ, லாம்பேர் தெ லா மோத் என்ற இருவர் நியமிக்கப்பட்டார்கள். மறு ஆண்டு ரோம் அவர்களுக்குக் கொடுத்த அறிவுரைகளில் இரண்டு விஷயம் முக்கியம். ஒன்று, போகிற இடத்து மக்களின் பழக்கவழக்கங்களை மாற்றாதீர்கள், பிரான்ஸையோ ஸ்பெயினையோ அங்கே கொண்டுபோய் இறக்காதீர்கள். இரண்டு, அந்தந்த ஊர் ஆட்களையே குருக்களாக்குங்கள். காலனியக் காலம் தலைதூக்கிய ஒரு நூற்றாண்டில் இப்படி எழுதியிருக்கிறார்கள். எழுதியபடி எல்லாரும் நடந்தார்களா என்பது வேறு கதை. ஆனால் இரண்டாவது அறிவுரையை நிறைவேற்ற ஒரு பள்ளி வேண்டும். 1665இல் அயுத்தயாவில், சியாம் மன்னர் நாராய் ஆட்சியில், அந்தப் பள்ளி தொடங்கியது.

கத்தோலிக்க வழிபாடு அப்போது லத்தீனில். இறையியல் புத்தகமும் லத்தீனில். ஆகவே மேக்கோங் கரையில் நாற்று நட்ட குடும்பத்துப் பையன் குருவாக வேண்டுமென்றால் முதலில் ரோமாபுரியின் பழைய மொழியைக் கற்றாக வேண்டும். பழக்கவழக்கத்தை மாற்றாதே என்று சொல்லிவிட்டு, கூடவே லத்தீன் இலக்கணப் புத்தகத்தை நீட்டுவது முரணாகத்தான் இருக்கிறது. இந்த முரண் கடைசிவரை அந்தக் கல்லூரியைவிட்டுப் போகவே இல்லை.

நூறு வருஷம் அயுத்தயாவில் ஓடியது. பிறகு பர்மியப் படையெடுப்பு. 1767இல் அயுத்தயாவே வீழ்ந்தது. அதற்கு முன்பே கல்லூரி கிளம்பிவிட்டது. இன்றைய வியட்நாமின் தென்மேற்குக் கோடியில் ஹாதியேன் பக்கம் ஹோன்தாத் என்ற இடத்தில் மறுபடி தொடங்கினார்கள். அங்கே ஆசிரியராக வந்து சேர்ந்தவர்தான் பினோ தெ பெயென். இருபதுகளில் இருந்த இளைஞர். வந்த கொஞ்ச நாளிலேயே, சியாம் இளவரசன் ஒருவனுக்கு அடைக்கலம் கொடுத்ததாகச் சந்தேகப்பட்டு அவரைச் சிறையில் போட்டார்கள். கழுத்தில் கனமான மரச்சட்டம் மாட்டி வைத்தார்கள். விடுதலையாகி வந்து மறுபடி பாடம் எடுத்தார். 1769இல் கொள்ளைக்காரர்கள் புகுந்து கல்லூரியை அழித்தார்கள். மிஞ்சிய மாணவர்களைக் கூட்டிக்கொண்டு கப்பலேறினார் பினோ. மலாக்கா வழியாகப் போய் இறங்கியது எங்கே தெரியுமா? புதுச்சேரியில்.

வீராம்பட்டினம் என்றால் உங்களில் சிலருக்குப் பொறி தட்டும். புதுச்சேரிக்குத் தெற்கே இருக்கும் மீனவர் ஊர். பக்கத்திலேயே அரிக்கமேடு. 1945இல் மார்ட்டிமர் வீலர் தோண்டி, ரோமாபுரியோடு தமிழர் வணிகம் செய்த இடம் என்று உலகத்துக்குக் காட்டினாரே, அதே மேடு. 1770 முதல் 1782 வரை காலேஜ் ஜெனரல் இந்த வீராம்பட்டினத்தில்தான் நடந்தது. வியட்நாமியப் பையன்களும் சீனப் பையன்களும் அங்கே லத்தீன் வினைச்சொற்களை மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்கள். காலடியில் மண்ணுக்குள் ரோமானிய மதுச்சாடிகளின் துண்டுகள் கிடந்தன. யாருக்கும் தெரியாது. இதை ஒரு நாவலில் எழுதினால் ரொம்பச் செயற்கையாக இருக்கிறதே என்று நானே அடித்திருப்பேன்.

இந்தப் பன்னிரண்டு வருஷத்தில் நடந்த பெரிய காரியம் ஓர் அகராதி. 1772-73இல் பினோ தம்மோடு இருந்த வியட்நாமியர்களை வைத்துக்கொண்டு வியட்நாமிய லத்தீன் அகராதி ஒன்றைத் தொகுத்தார். சீன எழுத்துகளை ஒட்டி வியட்நாமியர் தங்களுக்கென்று உருவாக்கிக்கொண்ட 'நோம்' எழுத்தில் சொல், பக்கத்தில் ரோமன் எழுத்தில் அதன் உச்சரிப்பு, பிறகு லத்தீனில் பொருள். ஒரு வியட்நாமிய அகராதி தமிழ்நாட்டுக் கடலோரத்தில் உருவாகியிருக்கிறது. அச்சேறவில்லை. கையெழுத்துப் பிரதியாகவே நின்றது. 1774இல் மயிலாப்பூர் சாந்தோமில் பினோ ஆயராக அபிஷேகம் பெற்று, மறுபடி கொச்சின்சீனாவுக்குப் போய்விட்டார். 1782இல் வீராம்பட்டினம் கல்லூரி மூடப்பட்டது.

பினோவின் பின்கதையைச் சொல்லாமல் போகக்கூடாது. நாட்டை இழந்து ஓடிக்கொண்டிருந்த நுயென் ஆன் என்ற இளவரசனுக்கு அவர் அடைக்கலம் கொடுத்தார். 1785இல் நுயென் ஆனின் சின்ன மகனைக் கையில் பிடித்துக்கொண்டு மறுபடி புதுச்சேரி வந்தார். அங்கிருந்து பிரான்ஸ் போனார். 1787இல் வெர்சாயில் படையுதவிக்கு ஓர் ஒப்பந்தம் வாங்கினார். ஒப்பந்தம் நிறைவேறவில்லை. ஆனாலும் கப்பலும் ஆயுதமும் ஆட்களும் திரட்டிக்கொண்டு திரும்பினார். செபம், படிப்பு என்று கிளம்பிய மனிதர் பீரங்கியில் வந்து நின்றார். 1799இல் இறந்துபோனார். நுயென் ஆன் 1802இல் பேரரசன் ஜியா லோங் ஆனான். உதவியை மறக்காத அவன் கிறிஸ்தவர்களைத் தொடவில்லை. அவனுக்குப் பின்வந்த மகன் மின் மாங்கின் பார்வையோ வேறு: லத்தீன் தெரிந்த ஒவ்வொரு வியட்நாமியனுக்குப் பின்னாலும் ஒரு பிரெஞ்சுக் கப்பல் நிற்கிறது. இந்தச் சந்தேகத்தை வெறும் மூர்க்கம் என்று தள்ள எனக்கு மனசு வரவில்லை. ஆனால் அதற்கான விலையைக் கொடுத்தவர்கள் வேறு ஆட்கள்.

1808இல் லொலிவியே என்ற குரு பினாங்கில் கல்லூரியைத் திரும்பத் தொடங்கினார். அந்த வருஷம் பிரிட்டனும் நெப்போலியனின் பிரான்ஸும் சண்டையில் இருந்தன. பிரிட்டிஷ் கொடி பறக்கும் தீவில் ஒரு பிரெஞ்சுக்காரர் ஆசியப் பையன்களுக்கு லத்தீன் சொல்லிக்கொடுக்கிறார், கம்பெனி அதைக் கண்டுகொள்ளவில்லை. சீக்கிரமே கல்லூரி பூலாவ் தீக்குஸ் கடலோரத்துக்கு மாறியது. பூக்கெட்டிலிருந்து வந்த செராணிக் குடும்பங்களும் அதே காலகட்டத்தில் அங்கே குடியேறின. பிறகு 170 வருஷத்துக்கும் மேல் கல்லூரி அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

உள்ளே என்ன நடந்தது? வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே நடக்கவில்லை. குருமட வாழ்க்கையின் அச்சு எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். விடியும் முன் மணி. எழுந்ததும் பேச்சில்லை, கோவிலில் மௌன தியானம். பிறகு திருப்பலி. பிறகு வகுப்பு: முதலில் லத்தீன் இலக்கணம், அடுத்த கட்டத்தில் மெய்யியல், அதற்கும் மேலே இறையியல். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் சில நிமிஷம் ஆன்ம சோதனை, அதாவது காலையிலிருந்து எங்கே சறுக்கினேன் என்று தனக்குத்தானே கணக்குப் பார்ப்பது. சாப்பிடும்போது பேசக்கூடாது, ஒருவர் புத்தகம் வாசிக்க மற்றவர்கள் கேட்டபடி சாப்பிட வேண்டும். மாலையில் செபமாலை, ஞான வாசகம். இரவு செபம் முடிந்தால் மறுநாள் காலைவரை பெரிய மௌனம். நாளைக்கும் இதேதான். அடுத்த வருஷமும் இதேதான். ஒருவர் குருவாவதற்குப் பத்து வருஷம்கூட ஆகலாம்.

இந்த அட்டவணையைப் பார்த்தால் படிப்பு ஒரு பக்கம், செபம் ஒரு பக்கம் என்று தோன்றும். நானும் முதலில் அப்படிப் பிரித்துத்தான் பார்த்தேன். ஆனால் தமிழில் நமக்கு ஒரு சொல் இருக்கிறது: ஓதுதல். ஓதுவது படிப்பா, செபமா? திருமுறை ஓதுகிறவரிடம் கேளுங்கள், 'பையன் ஓதப் போயிருக்கான்' என்று சொல்லும் தமிழ் முஸ்லிம் வீட்டில் கேளுங்கள், பிரித்துச் சொல்ல மாட்டார்கள். வாயால் திரும்பத் திரும்பச் சொல்லி, சொல் உடம்புக்குள் இறங்கி, அப்புறம் அதன் பொருள் மெல்லத் திறப்பது. கத்தோலிக்கத் துறவு மரபிலும் வாசிப்பு அப்படிப்பட்ட ஒன்றுதான். சில வரிகளை மெதுவாக வாசித்து, அசைபோட்டு, அதிலிருந்தே செபத்துக்குள் போவார்கள். பூலாவ் தீக்குஸ் பையன்கள் லத்தீன் சங்கீதங்களை ஓதினார்கள் என்று சொன்னால் சரியாக இருக்கும். 'படித்தார்கள்' என்பது கொஞ்சம் குறைவு.

இன்னொன்றையும் யோசிச்சுப் பாருங்க. வியட்நாமியனுக்குச் சீனம் பேச வராது, சீனனுக்குத் தாய் மொழி வராது, பர்மாக்காரனுக்கு எதுவும் வராது. 1880களில் கொரியாவிலிருந்தும் மாணவர்களை அனுப்பினார்கள். நம் ஊர் வெயில் தாங்காமல் நிறையப் பேர் நோயில் விழுந்தார்கள். இவர்கள் எல்லாரையும் சேர்த்தது லத்தீன். விளையாட்டுத் திடலில் சண்டை போட்டாலும் லத்தீனில்தான் போட்டாக வேண்டும். 'தென்கிழக்காசிய இலக்கியம்' என்று இன்றைக்கு நாம் கருத்தரங்கு நடத்துகிறோம். அதில் தாய்லாந்து எழுத்தாளரும் வியட்நாம் எழுத்தாளரும் ஆங்கிலத்தில் தடுமாறிக்கொள்வதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தத் திடல் நினைவுக்கு வரும்.

வெளியே ஒன்றும் நடக்காத அந்த வீட்டிலிருந்து கிளம்பிப் போனவர்களுக்கு என்ன ஆனது என்று பார்க்கலாம். ஆசிரியர்கள் இருவரிடமிருந்து தொடங்குகிறேன். ஆம்பேர் என்ற இளம் குரு 1821-22இல் சில மாதங்கள் இங்கே பாடம் எடுத்தார். சிங்கப்பூருக்குப் போய், அங்கே பத்துப் பன்னிரண்டு கத்தோலிக்கர்கள் இருப்பதாகத் தன் ஆயருக்கு எழுதியவரும் இவர்தான். சில வருஷம் கழித்து ஷஸ்தான் என்பவர் 1833 வரை இங்கே ஆசிரியராக இருந்தார். இருவரும் பிறகு கொரியாவுக்குப் போனார்கள். அங்கே கிறிஸ்தவர்களுக்கு மரண தண்டனை. ஆம்பேர் ஆயர். அவர் கைதானதும், குருக்கள் கிடைக்காவிட்டால் மக்களை வேட்டையாடுவார்கள் என்று புரிந்துகொண்டு, ஷஸ்தானுக்கும் மொபான் என்ற இன்னொரு குருவுக்கும் சரணடையச் சொல்லி எழுதினார். இருவரும் வந்தார்கள். 1839 செப்டம்பர் 21, சியோலுக்கு வெளியே ஹான் ஆற்று மணலில் மூவர் தலையும் வெட்டப்பட்டது. தான் சாவது ஒன்று. இன்னொருவனை வா என்று கூப்பிடுவது வேறொன்று. அந்தக் கடிதத்தை எழுத ஆம்பேருக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்ற கேள்வியை என்னால் விடமுடியவில்லை.

அடுத்து ஃபான் வான் மின். 1815இல் வியட்நாமின் காய்மோன் என்ற ஊரில் பிறந்தவர். மின் மாங்கின் ஆணைகள் கடுமையானபோது தபேர் என்ற ஆயர் நாட்டைவிட்டு வெளியேறிப் பினாங்கு வந்து, பிறகு கல்கத்தா போனார். அவரோடு மின்னும் போனார். தபேரின் பெட்டியில் இருந்தது வீராம்பட்டினத்துக் கையெழுத்துப் பிரதி. அறுபது வருஷத்துக்கு முன்னால் பினோ தொடங்கியதை இவர்கள் விரித்து எழுதி முடித்தார்கள். 1838இல் செராம்பூரில் அச்சானது. செராம்பூர் என்றால் வில்லியம் கேரியின் ஊர், பாப்டிஸ்ட் சபையின் கோட்டை. கத்தோலிக்க ஆயரின் அகராதிக்கு அச்சகம் கொடுத்தவர்கள் புரோட்டஸ்டண்டுகள். அச்சு எழுத்துக்கு மதம் தெரியாது போலிருக்கிறது.

1840இல் தபேர் இறந்ததும் மின் பூலாவ் தீக்குஸ் திரும்பிப் படிப்பைத் தொடர்ந்தார். 1846இல் குருவானார். 1853 ஜூலை 3ஆம் தேதி வின்லோங்கில் அவரைக் கொன்றார்கள். ஒரு மொழியின் சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கி வைத்த கை. அந்த மொழியின் அரசு அவரை அந்நியன் என்றது.

லெ வான் லொக்கின் தேதிகளைப் பாருங்கள். பினாங்கில் படித்தவர், 1857இல் குருவானவர். 1859 பிப்ரவரி 13இல் சைகோனில் தலை வெட்டப்பட்டது. பிரெஞ்சுக் கப்பல்கள் ஆற்றில் ஏறி வந்துகொண்டிருந்தன. பிப்ரவரி 17இல் சைகோன் கோட்டை அவர்கள் கையில். இடையில் நான்கே நாள். பிரெஞ்சுப் படை அவரைப் போன்றவர்களைக் காப்பாற்றத்தான் வருகிறோம் என்று சொல்லிக்கொண்டு வந்தது. அது வருகிறது என்பதாலேயே அவர் வெட்டப்பட்டார் என்றுதான் நான் வாசிக்கிறேன். அதே ஆண்டு ஜூலையில் தோவான் கொங் கூய், குருவாகி ஓராண்டுகூட நிறையாத இளைஞர், அவரும் பினாங்கு மாணவர். 1861இல் இன்னும் இருவர். இவர்களையெல்லாம் சேர்த்து வியட்நாமின் 117 மறைசாட்சிகளுக்கு 1988இல் ரோம் புனிதர் பட்டம் கொடுத்தது. ஆம்பேருக்கும் ஷஸ்தானுக்கும் 1984 மே மாதம் சியோலில் கொடுத்தது. அதே 1984இல்தான் கல்லூரி பூலாவ் தீக்குஸ் நிலத்தை விட்டுவிட்டு, தஞ்சோங் பூங்கா குன்றின் மேல் இருக்கும் மாரியோஃபில் வளாகத்துக்கு மாறியது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு வகுப்பில் லத்தீனின் ஆட்சியும் முடிந்திருந்தது. மலேசியாவின் முதல் கார்டினலாக 2016இல் உயர்ந்த சோட்டர் பெர்னாண்டஸ், பழைய பூலாவ் தீக்குஸ் காலத்து மாணவர்.

கொல்லப்பட்டவர்களோடு இதை முடித்தால் கோவில் திருவிழா மலர்க் கட்டுரையாகிவிடும். எல்லாருமே குருவாகவில்லை. பாதியில் போனவர்கள் உண்டு. அவர்களில் ஒருவர்தான் முதலில் நான் சொன்ன எழுத்தாளர், த்ருவோங் வின் கீ. பெத்ருஸ் கீ என்றால் வியட்நாமில் எல்லாருக்கும் தெரியும்.

1837இல் பிறந்தவர். ஊர் காய்மோன், மின்னின் அதே ஊர். சின்ன வயதில் அப்பா போய்விட, குருக்கள் எடுத்துப் படிக்க வைத்தார்கள். பதின்வயதில் பினாங்குக்கு வந்தார். வின்லோங்கில் மின் கொல்லப்பட்ட வருஷம், அவருடைய ஊர்ப் பையன் இங்கே பூலாவ் தீக்குஸ் வகுப்பறையில் உட்கார்ந்திருந்தான். கூடப் படித்தவர்களிடமிருந்து அவர் மொழி மொழியாகக் கற்றுக்கொண்டார். 1858இல் அம்மா இறந்தார். ஊர் போனார். குருத்துவத்துக்குத் திரும்பவில்லை. 1860இல் பிரெஞ்சுக்காரர்களுக்கு மொழிபெயர்ப்பாளரானார். 1863இல், பறிபோன மாகாணங்களைத் திரும்பக் கேட்க பாரிஸ் சென்ற வியட்நாமியத் தூதுக்குழுவோடு மொழிபெயர்ப்பாளராகப் போனார். ரோமன் எழுத்தில் வந்த முதல் வியட்நாமியச் செய்தி இதழான 'ஜியா தின் பாவ்' 1865இல் தொடங்கியது, 1869இல் அதன் ஆசிரியப் பொறுப்பு அவரிடம் வந்தது. 1866இல் நாட்டுப்புறக் கதைகளைப் பேச்சுநடைக்குப் பக்கத்தில் இருக்கும் எளிய உரைநடையில் புத்தகமாகப் போட்டார். 1875இல் வியட்நாமின் மாபெரும் காவியமான 'கியு கதை'யை நோம் எழுத்திலிருந்து ரோமன் எழுத்துக்கு மாற்றிப் பதிப்பித்தார். இன்றைய வியட்நாமிய உரைநடை எங்கே தொடங்குகிறது என்று கேட்டால், இந்தப் பெயரைத் தவிர்த்துவிட்டுப் பேச முடியாது.

ரோமன் எழுத்து விஷயத்தில் நம்மை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1554இல் லிஸ்பனில் தமிழை ரோமன் எழுத்தில் அச்சடித்தார்கள். 1578இல் கொல்லத்தில் அண்ட்ரிக் அடிகளார் தமிழ் எழுத்திலேயே 'தம்பிரான் வணக்க'த்தை அச்சிட்டார். அந்தத் திருப்பத்தில் நாம் வேறு பக்கம் போனோம். வியட்நாமியர் பெத்ருஸ் கீ காட்டிய பக்கம் போனார்கள். இன்று நோம் வாசிக்கத் தெரிந்தவர்கள் அங்கே அறிஞர்கள் மட்டும்தான். ஜாவியிலிருந்து ரூமிக்கு வந்த மலாய் நாட்டில் உட்கார்ந்துகொண்டு இதில் எது லாபம், எது நஷ்டம் என்று தீர்ப்புச் சொல்ல நான் தயாரில்லை.

துரோகியா அறிஞரா என்று அவரைப் பற்றி வியட்நாமில் இன்னும் சண்டை போடுகிறார்கள். சைகோனில் அவர் பெயரில் புகழ்பெற்ற ஒரு பள்ளி இருந்தது. 1975க்குப் பிறகு பெயரை மாற்றி, லெ ஹோங் ஃபோங் என்ற கம்யூனிஸ்ட் தலைவரின் பெயரை வைத்துவிட்டார்கள். பிரெஞ்சுக்காரர்களுக்கு அவர் வேலை செய்தார் என்பது உண்மை. அரசவையில் நம்புவார் இல்லாமல், ஆட்சியாளர்களும் கைவிட்ட நிலையில், கடைசிக் காலத்தில் அச்சுக்கடனோடு புத்தகம் போட்டுக்கொண்டிருந்தார் என்பதும் உண்மை. 1898இல் இறந்தார். குருவாகவில்லையே தவிர, காலையில் எழுந்து செபித்து, உட்கார்ந்து படித்து எழுதும் பழக்கம் மட்டும் கடைசிவரை விடவில்லை. நூற்றுக்கும் மேற்பட்ட நூல்கள் அப்படித்தான் வந்திருக்க வேண்டும்.

அவர் கல்லறை ஹோசிமின் நகரில் சொ குவான் பகுதியில் இருக்கிறது. சின்ன மாடம் மாதிரியான கட்டடம். சுவரில் லத்தீன் வரிகள் பொறித்திருக்கிறார்கள்.